சுளிப்பக்காவின் ஆளிப் பாத்தி

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எதைப் பார்த்தாலும் மூக்கின் இடப்பக்கம் மட்டும் லேசாக மேலே ஏறும். அதனால் தெருவில் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அவள் சுளிப்பக்கா. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடலாம், கோபப்பட மாட்டாள். கூப்பிடுகிற ஆள்மேல் கொஞ்சமாவது மதிப்பு இருந்தால்தானே கோபம் வரும்?

ஊரின் பெரிய சலவை நிலையத்தில் இஸ்திரிப் பிரிவு அவள் பொறுப்பு. விடுதிகளின் படுக்கை விரிப்பு, மருத்துவமனை அங்கி, வக்கீல் சட்டை எல்லாம் அவள் மேசைக்கு வந்துதான் போகும். துணியை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவாள். "பெரிய டாக்டராம். கழுத்துல தண்ணி பட்டு எத்தனை நாளாச்சோ" என்று காலரைத் தூக்கி மற்றப் பெண்களுக்குக் காட்டுவாள். விடுதித் திரைச்சீலையில் கை துடைத்தவன், தலையணை உறையில் ஷூவைத் துடைத்தவன் என்று மனித குலத்தின் லட்சணம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். அந்தக் குலத்தில் தேறினது அவள் ஒருத்திதான்.

துணிகளில் அவளுக்கு அறவே பிடிக்காதது லினன். "பெட்டியை எடுத்த அடுத்த நிமிஷம் கசங்கிடும். அதுல ஒரு திமிர் வேற" என்பாள்.

அப்படிப்பட்டவளுடைய கொழுந்தன், லினன் நெய்யப்போகிறேன் என்று பஸ் பாடி கட்டும் பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்தான். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. அதற்கு முன் தேனீ வளர்த்தான். தேனீக்கள் அவனைக் கொட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயின. பிறகு காளான். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. இப்போது ஆளி. மருந்துக்கடையில் வயிற்றுக்கு நல்லது என்று பொட்டலம் கட்டி விற்கிறார்களே, அந்த ஆளி விதையை விதைத்து, செடியின் தண்டை ஊறவைத்து, நொறுக்கி, சீப்பால் இழுத்தால் நார் வருமாம். நாரை நூற்றால் நூல். நூலை நெய்தால் லினன்.

"உன் தம்பி புல்லுலேருந்து சட்டை தைக்கப்போறானாம்" என்றாள் கணவனிடம். அவர் மின்விசிறி பழுது பார்க்கிறவர். பேசும்போதும் ஸ்க்ரூவைத்தான் பார்ப்பார்.

"தைக்கட்டுமே" என்றார்.

கொழுந்தனோடு தெருவில் ஏழெட்டு வீடு சேர்ந்துகொண்டது. அவரவர் கொல்லையில் ஆளி விளைவிப்பது, ஒரு பழைய கிடங்கில் தறி போட்டு நெய்வது, உள்ளூரிலேயே விற்பது என்று ஒரு சங்கமும் வைத்துவிட்டார்கள். தலைவர், ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லி ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்குப் பெயர் மைக். உப்பு கேட்டால்கூட, 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்ற குரலில்தான் கேட்பார். சுளிப்பக்காவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "ரயில் எப்போ வரும்னு சொன்ன ஆளு. ரயில் ஓட்டின ஆளு இல்லை" என்பாள்.

அந்தக் கிடங்கில் மின்விசிறி மாட்டக் கணவர் போனபோது ஏணியைப் பிடிக்க அவளும் போனாள். கீழே சங்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷ விளைச்சல் பாதிக்குப் பாதி பாழ். நெஞ்சு உயரம் வளர வேண்டிய செடி முழங்கால் உயரத்தில் நின்று கிளை கிளையாக விரிந்துவிட்டது. அது எண்ணெய்க்குப் போடுகிற ரகம். நாருக்கு உதவாது. மைக் எழுந்து நின்று வருத்தத்தை அறிவித்தார்.

ஏணியைப் பிடித்தபடியே அவள் கேட்டாள்: "விதை எங்க வாங்குனீங்க?"

"வெளியூர் வியாபாரிகிட்டம்மா. போன வருஷமும் அவர்தான்" என்றார் மைக்.

"ஏன், உங்க செடியில காய் காய்க்கலையா?"

பதில் சொன்னது கொழுந்தனின் மனைவி, அவளுடைய ஓரகத்தி. நூற்பு வேலை முழுக்க அவள் தலையில்தான். "நூல் மெலிசா வரணும்னா காய் முத்துறதுக்கு முன்னாடியே செடியைப் பிடுங்கிடணும்க்கா. முத்தவிட்டா நார் முரடாயிடும்."

"எல்லாத்தையுமா பிடுங்கணும்? ஒரு மூலையை விதைக்குன்னு விட்டு வைக்கக் கூடாதா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். விஷயம் இதுதான்: பக்கத்து வீட்டுக்காரர் விடுவார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு எல்லோரும் எல்லாவற்றையும் பிடுங்கியிருக்கிறார்கள். சுளிப்பக்கா சிரித்தாள். மூக்கால் சிரிக்கிற சிரிப்பு அது. ஏணி ஆடியது, மேலே கணவர் "அடியே" என்றார்.

மைக் தொண்டையைச் செருமினார். "சிரிக்கிறது ரொம்ப சுலபம்மா. செய்யறது கஷ்டம். நீங்க ஏணியை மட்டும் கவனிச்சா போதும்."

அவள் ஆளிக்குள் இறங்கியது இந்த ஒரு வாக்கியத்தால்தான். ஆசையும் இல்லை, அக்கறையும் இல்லை. துணிமேல் அவளுக்கு இருந்த மரியாதைதான் தெரியுமே. வெறும் வீம்பு.

கொழுந்தனின் கொல்லையில் பிந்தி விதைத்த ஒரு துண்டு மட்டும் இன்னும் பிடுங்காமல் பாக்கி இருந்தது. மறுநாளே அங்கே போனாள். நெட்டையாக, கிளைக்காமல், நிமிர்ந்து நின்ற செடிகளுக்கு மட்டும் சிவப்பு நூலைக் கட்டினாள். "இதுல எதையாவது தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்றாள். "சரிங்க அண்ணி. நல்ல யோசனை அண்ணி" என்று கொழுந்தன் உருகினான். அப்படி உருகுகிறவனைப் பார்த்தால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

காய்கள் பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கிறவரை காத்திருந்தாள். வேரோடு பிடுங்கிக் காயவைத்து, காயை உருவி, ஒரு கிழிந்த தலையணை உறைக்குள் போட்டு, உறையைக் கல்லில் அடித்தாள். முறத்தில் புடைத்தபோது மிஞ்சியது இரண்டு கைப்பிடி விதை. ஆளி விதையைக் கையில் அள்ளினால் நிற்காது, தண்ணீர் மாதிரி விரலிடுக்கில் ஓடும். "சோம்பேறி விதை, ஒரு இடத்துல உக்காருதா பார்" என்று அதையும் திட்டிக்கொண்டேதான் டப்பாவில் போட்டாள்.

சலவை நிலையத்துக்குப் பின்னால் துணி காயப்போடுகிற மைதானம் இருந்தது. உலர்த்தும் இயந்திரம் வந்தபிறகு அங்கே இரும்புக் கம்பங்கள் மட்டும் சும்மா நின்றன. முதலாளியிடம் சொல்லி அதில் ஒரு பகுதியைக் கொத்தி விதைத்தாள். மறு வருஷம் அதிலிருந்து நெட்டையானதை மட்டும் பொறுக்கினாள். அதற்கடுத்த வருஷம் அதிலும் பொறுக்கியெடுத்தாள். குட்டையாக ஒன்று தலைகாட்டினால் பூக்கும் முன்பே பிடுங்கி எறிவாள். மனிதர்களிடம் செய்ய முடியாததைச் செடிகளிடம் செய்ய முடிந்ததில் அவளுக்கு ஒரு திருப்தி. சில வருஷத்தில் அந்த மைதானத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஒரே சீராக ஆளி நின்றது. காலையில் நீலமாகப் பூத்து மத்தியானத்துக்குள் உதிர்ந்துவிடும். "அரை நாள் டூட்டி" என்று அதற்கும் ஒரு சுளிப்பு. ஆனால் பூக்கிற மாதத்தில் அவள் காலையில் வேலைக்குப் பிந்தி வந்தாள் என்று உடன் வேலை செய்த பெண்கள் சொல்வார்கள்.

பிறகு விதை கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கேட்டவர் வீட்டுக்கு முதலில் அவளே போய் மண்ணைப் பார்ப்பாள். ஒரு கட்டியை எடுத்து நசுக்குவாள். பிறகு வீட்டையும் பார்ப்பாள், ஆளையும் பார்ப்பாள். "கொல்லையில இவ்வளவு கோரை. இதைப் பிடுங்க முடியாதவங்க ஆளி போட்டு என்ன செய்யப்போறீங்க?" பேக்கரிக்காரரிடம் அப்படிச் சொன்னாள். தையல்காரியிடம், "நீ தைக்கிற காஜாவையே நான் தினம் பாக்கறேன். உன்கிட்ட எப்படி நம்பிக் கொடுக்கிறது?" என்றாள். அவள் வைத்த பரீட்சையில் ஊரில் ஒருவரும் தேறவில்லை. வருஷா வருஷம் விதைத்தது போக மிஞ்சிய பழைய விதையைப் புறாவுக்குப் போட்டாள். புறாக்களிடம் அவளுக்குக் குறை இல்லை போலிருக்கிறது.

ஒருமுறை அவள் புடைத்துக்கொண்டிருந்தபோது கொழுந்தன் வந்து நின்றான். "அண்ணி, எனக்கு ஒரு பிடி கொடுத்தா போதும்."

முறத்தின் நுனியில் பதரும் தூசியும் கலந்து சோப்ளாங்கி விதை கொஞ்சம் ஒதுங்கியிருந்தது. குப்பைக்கூடையில் கொட்ட இருந்ததை அவன் நீட்டிய துண்டில் கொட்டினாள். "இந்தா. உன் ராசிக்கு இதுவே ஜாஸ்தி."

அவன் முகம் மலர்ந்துபோயிற்று. "ரொம்ப நன்றி அண்ணி" என்று துண்டை மூட்டையாகக் கட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான். அவமானம் என்று ஒன்று இருப்பதே தெரியாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குச் சில வருஷம் கழித்து மைக் ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். முழங்கால் வலி, கையில் தடி. "ஒரே மண்ணில் தொடர்ந்து ஆளி விதைத்தல் கூடாதும்மா. மண்ணில் நோய் தங்கிடும். வருஷா வருஷம் இடம் மாத்தணும்."

"எந்தப் பிளாட்பாரத்துக்கு மாத்தணும்?"

அவர் தடியை ஊன்றிப் போய்விட்டார். அவர் சொன்னது சரியா தவறா என்று அவள் யோசிக்கவே இல்லை. சொன்னது அவர், அது போதும். இடம் மாற்றலாம் என்ற எண்ணம் அவளுக்குத் தானாகவே வந்திருந்தால் ஒருவேளை மாற்றியிருப்பாள்.

அடுத்த விதைப்பில் நடுவில் சில செடிகளின் தலை தொங்கியது. வெயில் என்று தண்ணீர் ஊற்றினாள். ஒரு வாரத்தில் தொங்கினதெல்லாம் பழுப்பாகி, சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்துத் தேய்த்த மாதிரி கருகியது. நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரவி, இரும்புக் கம்பங்கள் வரை போயிற்று. பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகிக் கருத்திருந்தது. ஒரு செடிகூடக் காய்வரைக்கும் வரவில்லை.

"போகட்டும், சனியன். டப்பாவுல இருக்கு" என்றாள்.

டப்பாவை இறக்கித் திறந்தாள். கவிழ்த்தாள். விதை விழவில்லை. தட்டினாள். டப்பா வடிவத்திலேயே ஒரு கட்டி சொத்தென்று மேசையில் விழுந்தது. சாம்பல் நிறத்தில் பூசணம். போன வருஷம், விதைப்புக்குத் தனியாக வைத்தது போக மிஞ்சிய விதை முழுசாகக் காய்வதற்குள், ஓரகத்தி வாசல்பக்கம் வருகிறாள் என்று தெரிந்து அவசர அவசரமாக அள்ளி அடைத்து மூடியது நினைவுக்கு வந்தது. கேட்டுவிடுவாளோ என்ற பயம்தான். ஈரத்தில் ஆளி விதை கோந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கட்டியை உடைத்து நடுவிலிருந்து நல்லதாகத் தெரிந்தவற்றைப் பொறுக்கி ஈரத்துணியில் பரப்பி வைத்துப் பார்த்தாள். நாள்கள்தான் போயின. ஒன்றுகூட முளைவிடவில்லை.

யாரைத் திட்டுவது? கணவர் டப்பாப் பக்கமே போனவரில்லை. மழை பெய்யவில்லை. டப்பாவில் ஓட்டை இல்லை. அன்று சலவை நிலையத்தில் விடுதி ஒன்றின் மேசை விரிப்பின் நடுவில் பெட்டியின் அச்சு அப்படியே பழுப்பாக விழுந்தது. அவள் கையால் அப்படி விழுவது அதுதான் முதல் தடவை. பக்கத்து மேசைப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள். "துணி மட்டம்" என்றாள். அவள் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை.

சாப்பிடும்போது கணவர் கேட்டார்: "நான் வேணா தம்பிகிட்ட கேட்டுப் பாக்கட்டுமா? அவன்கிட்ட விதை இருக்குமே."

"அவன்கிட்டயா? நான் கொட்டின குப்பையை வெச்சு அவன் என்னத்தைக் கிழிச்சிருப்பான்?"

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் தானாகவே நடந்தாள்.

கிடங்கில் கொழுந்தன் தறியில் இருந்தான். ஓரகத்தி ராட்டை பக்கத்தில் நாரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் கட்டுக்கட்டாக ஆளி, எல்லாம் நெஞ்சு உயரம், ஒரே சீர். அவளுக்கு அந்தச் செடியைத் தெரியும். எங்கே பார்த்தாலும் தெரியும்.

"இது ஏது?"

"உங்களோடதுதான் அண்ணி" என்று கொழுந்தன் இறங்கி வந்தான். "அன்னைக்கு முறத்துலேருந்து கொடுத்தீங்களே. பதரு, களை விதை எல்லாம் இவ உக்காந்து பொறுக்கினா. கொஞ்சம்தான் முளைச்சது. அதையே பெருக்கி எல்லாருக்கும் கொடுத்துட்டோம். பேக்கரிக்காரர், தையலக்கா எல்லாம் இப்ப இதைத்தான் போடறாங்க."

தேறாதவர்கள் என்று அவள் ஒதுக்கிய அத்தனை பேர் கொல்லையிலும் அவள் பொறுக்கிய விதை. சுளிக்கப்போன மூக்கு பாதியில் நின்றது.

"எனக்குக் கொஞ்சம் வேணும்" என்றாள். "என்னோடது போயிடுச்சு."

அவன் ஏன், எப்படி என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. "அடடா" என்று ஓடிப்போய் ஒரு பை நிறையக் கொண்டுவந்து நீட்டினான். "போதுமா அண்ணி? இன்னும் வேணுமா?" என்றான். ஒரு குத்தல் பேச்சு, ஒரு ஏளனப் பார்வை, எதுவுமே இல்லை. அவள் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக உணர்ந்ததில்லை. இப்படியும் ஒரு ஏமாளி இருப்பானா? பழி வாங்கக்கூடத் தெரியாதவன்.

ஓரகத்திக்குத் தெரிந்திருந்தது. நாரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஒருதடவை புடைச்சுப் பாத்துக்கங்கக்கா. குப்பை கிப்பை இருக்கப்போகுது."

சுளிப்பக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த வீட்டில் முதுகெலும்பு இருக்கிற ஒரே ஆள் இவள்தான் என்று தோன்றியது. பையோடு திரும்பினாள்.

விதை கிடைத்தது, மண் இல்லை. மைதானத்தில் இனிப் பல வருஷத்துக்கு ஆளி வைக்க முடியாது. சங்கத்தார் நிலமெல்லாம் ஏற்கெனவே முறை வைத்து மாற்றி மாற்றிப் போடுகிறவை. ஆளியே படாத மண் ஒன்றுதான் மிச்சம்: மைக் வீட்டுக் கொல்லை. முழங்கால் வலியால் அவர் இதுவரை எதுவுமே விதைத்ததில்லை. வாயால் விதைத்ததோடு சரி.

அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். "உங்க கொல்லையில விதைக்கலாமா?"

அவருக்கு ஏணி ஞாபகம் வந்ததோ, பிளாட்பாரம் ஞாபகம் வந்ததோ, காட்டிக்கொள்ளவில்லை. "தாராளமா" என்றார். சொன்னது ஒரே வார்த்தை என்பதால் அவள் பயந்துபோனாள்.

பயந்தது வீண். அந்தப் பருவம் முழுக்க அவர் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "தென்கிழக்கு மூலையில் களை காணப்படுகிறது" என்பார். போய்ப் பார்த்தால் களை இருக்கும். "மூன்றாவது வரிசையில் குட்டைச் செடி ஒன்று" என்பார். அதுவும் இருக்கும். அவர் சொல்வது பொய்யாக இருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். "கண்ணு இருக்குல்ல, கை இல்லையா?" என்று கேட்டபடி பிடுங்குவாள். "கை இருக்கும்மா, கால்தான் இல்லை" என்பார். காலையில் நீலம் விரிகிறபோது மட்டும் இரண்டு பேரும் வாயைத் திறப்பதில்லை.

விதை முற்றிப் பிடுங்குகிற நாளில் அழைக்காமலே சங்கம் மொத்தமும் வந்து இறங்கியது. அவள் குரல் தெருக்கோடிவரை கேட்டது. "இழுக்காதே, தண்டு முறியுது! வேரை உதறு! என்ன, கல்யாணத்துக்கா வந்திருக்கே, பூ பறிக்கிற மாதிரி பறிக்கிறே?" பேக்கரிக்காரரை வரிசை மாற்றினாள். தையல்காரியை நிழலுக்கு அனுப்பிக் கட்டுக்கட்டச் சொன்னாள். கொழுந்தன் எவ்வளவு திட்டினாலும் "சரிங்க அண்ணி" என்றான். அவனைத் திட்டுவதில் ருசியே இல்லாமல் போய்விட்டது.

சுவரோரத்தில் மைக் முக்காலி போட்டு உட்கார்ந்து, எட்டுகிற தூரத்துச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எட்டாதபோது முக்காலியை நகர்த்திக்கொண்டார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை, அவரும் எதையும் அறிவிக்கவில்லை. அவள் போய்ப் பின்னால் நின்றாள். வேரில் மண் இல்லை. தண்டு முறியவில்லை. வேர்ப்பக்கம் சமமாகத் தட்டி, காய் உதிராமல், கைக்கடங்கின கட்டுகளாக அடுக்கியிருந்தார். சட்டை முதுகில் வியர்வை வட்டமாக நனைந்திருந்தது.

வெகுநேரம் தேடிப் பார்த்தாள். கடைசியில், "அந்தக் கட்டு முடிச்சு லூசா இருக்கு" என்றாள்.

அவர் அதை எடுத்து, அவிழ்த்து, இறுக்கிக் கட்டினார். "இப்போ?"

"ம்" என்றாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து அடுத்த செடியைப் பிடித்தாள்.

விதை அடித்து, புடைத்து, இந்தமுறை கல் மாதிரி காய்கிறவரை வெயிலில் வைத்தாள். பிறகு மைக் வீட்டு வாசலில் ஒரு டம்ளரோடு உட்கார்ந்தாள். ஒரே இடத்தில் இனி விதை இருக்கக் கூடாது, வீட்டுக்கு வீடு இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அது யார் செய்த ஏற்பாடு என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு டம்ளர் விதையும் ஒரு வசவும் கிடைத்தன. "இதையாவது கோரைக்கு நடுவுல தேடற மாதிரி விடாம வளருங்க." "பொத்தான் தைக்கிற மாதிரி இதையும் ஏனோதானோன்னு போடாதே." "உங்களுக்கு எதுக்கு, மண்ணுகிட்ட பிரசங்கம் பண்ணியே முளைக்க வெச்சிடுவீங்க." கொழுந்தனிடம் வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். அவன் நன்றி சொல்லிவிடுவான் என்று பயம்.

கடைசியாக ஓரகத்தி வந்து பையை விரித்தாள். சுளிப்பக்கா இரண்டு டம்ளர் அளந்து போட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஓரகத்தி நகரவில்லை. "எனக்குத் திட்டு இல்லையாக்கா?"

"போடி. உனக்கு யோசிச்சு வெச்சிட்டு நாளைக்குச் சொல்றேன்."